மளிகை வியாபாரி போட்ட நிபந்தனை

நன்கொடை ரசீதுப் புத்தகத்தோடு கடை வாசலுக்கு வருகிறவர்களை நாம் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. கோயில் கும்பாபிஷேகம், பள்ளிக்கூடக் கட்டடம், நூலகம், மண்டபம் என்று எதுவானாலும் ஊரார் முதலில் படியேறுவது வியாபாரியின் கடைதான். இது நமக்குப் பெருமையே. விற்பனையில் ஒரு சிறு பங்கை மகமையாக ஒதுக்கிப் பொதுக்காரியம் செய்தவர்களின் வழியில் வந்தவர்கள் நாம். கொடுக்கும் மனம் நமக்குக் குறைவில்லை. கொடுத்த பணம் நூறு ஆண்டுக்குப் பிறகும் ஊருக்குப் பயன்பட வேண்டுமானால் அதை எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதே நாம் யோசிக்க வேண்டிய விஷயம்.

இந்தக் கேள்விக்கு ஒரு நல்ல பதில் கடல் கடந்து, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், சின்சினாட்டி நகரத்தில் கட்டடமாக நிற்கிறது. ‘மியூசிக் ஹால்’ என்பது அதன் பெயர். நகரசபைக்குச் சொந்தமான சங்கீத மண்டபம். 1878-ல் திறக்கப்பட்டு, இன்றும் கச்சேரி நடந்துகொண்டிருக்கிறது. அதற்கு அடித்தளம் போட்டவர் ராஜாவும் அல்ல, ஜமீன்தாரும் அல்ல. நம் தொழில்காரர், மொத்த மளிகை வியாபாரி.

அவர் பெயர் ரூபன் ஸ்பிரிங்கர். 1800-ல் கெண்டக்கி மாநிலத்தில் பிறந்தவர். ஆற்றில் ஓடும் நீராவிப் படகில் குமாஸ்தாவாக வேலை பார்த்தவர். பிறகு சின்சினாட்டியில் ஒரு மொத்த மளிகை நிறுவனத்தில் கூட்டாளியானார். அந்நகரம் ஒஹையோ நதிக்கரையில் இருப்பது. இறைச்சியும் தானியமும் படகேறும் பெரிய சந்தை. அங்கே நன்றாகச் சம்பாதித்த ஸ்பிரிங்கர், உடல்நலம் குன்றியதால் நாற்பது வயதை ஒட்டியே தொழிலிலிருந்து ஒதுங்கினார். சம்பாதித்ததைக் கவனமாக முதலீடு செய்து பெருக்கினார். பிள்ளைகள் இல்லை.

சின்சினாட்டியில் குடியேறிய ஜெர்மானியர்கள் பாட்டில் மிகுந்த பற்று உள்ளவர்கள். 1873-ல் அங்கே மே மாத இசைவிழா தொடங்கியது. விழா நடந்தது மரத்தால் கட்டித் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையில். 1875-ல் இரண்டாவது விழாவின்போது பெருமழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் விழுந்த மழையின் இரைச்சலில் பாட்டு காதில் விழவில்லை. நிகழ்ச்சியையே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. ஊருக்கு ஒரு நல்ல மண்டபம் வேண்டும் என்ற எண்ணம் ஸ்பிரிங்கருக்கு அப்போது உறுதிப்பட்டது என்று சொல்வார்கள்.

மற்றவராக இருந்தால் முழுப் பணத்தையும் கொடுத்துத் தம் பெயரைக் கல்லில் வெட்டச் சொல்லியிருப்பார். அல்லது ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று விலகியிருப்பார். ஸ்பிரிங்கர் இரண்டும் செய்யவில்லை. அவ்வூரின் பெரிய ஜவுளிக் கடைக்காரரான ஜான் ஷிலிட்டோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் ஒரு வியாபார ஒப்பந்தம் போலவே இருந்தது. நான் 1,25,000 டாலர் தருகிறேன். ஊரார் சேர்ந்து இன்னொரு 1,25,000 டாலர் போட வேண்டும். நகரசபை தன் நிலத்தைப் பெயரளவு வாடகைக்கு நிரந்தரக் குத்தகையாகத் தர வேண்டும். அதன்மேல் வரி போடக் கூடாது. இவ்வளவுதான் சாரம்.

நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது இந்த நிபந்தனைகளைத்தான்.

முதலாவது, பாதிக்குப் பாதி. அது நல்ல காலம் அல்ல. 1873-ல் அமெரிக்காவில் வங்கிகள் சரிந்து, வியாபாரம் படுத்திருந்த நேரம். அப்படியிருந்தும் மற்றவர்களும் பங்கு போட்டால்தான் என் பணம் வரும் என்றார். ஒருவரே முழுதும் கொடுத்தால் கட்டடம் அவருடையதாகிவிடும்; மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். எல்லோரும் முதல் போட்டால் எல்லோருக்கும் அதில் அக்கறை வரும். கூட்டு வியாபாரம் செய்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெரிய வியாபாரிகள் கொடுத்தார்கள், சிறியவர்கள் கொடுத்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடக் கச்சேரி நடத்திப் பணம் சேர்த்துக் கொடுத்தார்கள்.

இரண்டாவது, நிலம் ஊருடையது. தனியார் நிலத்தில் கட்டியிருந்தால் ஒரு தலைமுறைக்குப் பிறகு வாரிசுத் தகராறு வரும். விலை ஏறினால் விற்கத் தோன்றும். நகரசபை நிலம் என்பதால் அந்தச் சிக்கலுக்கு இடமில்லாமல் போயிற்று. கட்டி நடத்துவதற்கு ஒரு சங்கம் பதிவாயிற்று. அதில் பங்குதாரர்கள் உண்டு, ஆனால் லாபப் பங்கு யாருக்கும் கிடையாது.

மூன்றாவது, பெயர். கட்டடத்துக்கு வைத்தது வெறும் ‘சங்கீத மண்டபம்’ என்ற பெயர்தான். உள்ளே இருக்கும் அரங்கை இன்று ஸ்பிரிங்கர் அரங்கு என்று அழைக்கிறார்கள். ஊரார் நன்றியோடு அவருக்குச் சிலையும் வைத்தார்கள். கேட்டு வாங்கும் பெயரைவிட ஊர் தானாகக் கொடுக்கும் பெயருக்கு ஆயுள் அதிகம்.

சாமுவேல் ஹன்னாஃபோர்டு என்ற உள்ளூர்க் கட்டடக் கலைஞர் வரைபடம் போட்டார். செங்கல்லால் எழும்பிய மண்டபம் 1878 மே 14-ஆம் நாள், மூன்றாவது மே விழாவோடு திறக்கப்பட்டது. வியாபாரிகள் கட்டியதாயிற்றே, பாட்டோடு மட்டும் நிற்கவில்லை. 1879-ல் இரு பக்கமும் கண்காட்சிக் கூடங்கள் சேர்ந்தன. நடுவில் சங்கீதம், பக்கத்தில் இயந்திரங்களும் சரக்குகளும். 1880-ல் ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாடு இங்கேதான் கூடி, ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தது. 1888-ல் ஒஹையோ பள்ளத்தாக்கின் நூற்றாண்டுக் கண்காட்சி நடந்தபோது, பின்புறம் ஓடிய கால்வாயின் மேலேயே இயந்திரக் கூடம் அமைத்தார்கள். கூட்டம் வந்தால் சுற்றிலும் விற்பனை நடக்கும். மண்டபத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஃபிண்ட்லே மார்க்கெட் இருக்கிறது. அதுவும் நகரசபைக்குச் சொந்தமான பழைய சந்தை. இன்றும் அங்கே காய்கறி, இறைச்சி, மளிகை வியாபாரம் நடக்கிறது.

கட்டுவது ஒரு நாள் சந்தோஷம். காப்பாற்றுவது தினசரிச் செலவு. இந்த மண்டபத்துக்கும் சோதனை வந்தது. சுற்று வட்டாரம் நலிந்தது. கூரையும் குழாயும் கம்பியும் பழசாயின. 2014-ல் பழுது பார்க்கப் பணம் திரட்ட, கவுண்டி முழுவதும் விற்பனை வரியைச் சிறிது கூட்டலாம் என்ற யோசனை வந்தது. பழைய ரயில் நிலையமான யூனியன் டெர்மினலையும் இந்த மண்டபத்தையும் ஒரே வரியில் சீர்செய்வது திட்டம். கவுண்டி நிர்வாகிகள் மண்டபத்தைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவ்வாண்டு நவம்பரில் மக்கள் வாக்களித்து ஏற்ற வரி ரயில் நிலையத்துக்கு மட்டும் போயிற்று.

விற்பனை வரி என்றால் அதை வசூலித்துக் கொடுக்கிறவர் கடைக்காரர். ஆகவே நமக்கு அந்த முடிவில் வருத்தப்பட ஒன்றுமில்லை. வரி கிடைக்கவில்லை என்று மண்டபத்துக்காரர்கள் உட்கார்ந்துவிடவில்லை என்பதுதான் முக்கியம். ஸ்பிரிங்கரின் பழைய வழிக்கே திரும்பினார்கள். தனியார் நன்கொடை ஒரு பக்கம், நகரசபைப் பணம் ஒரு பக்கம், பழைமையான கட்டடங்களைச் சீர்செய்வதற்கு மாநிலம் தரும் 2.5 கோடி டாலர் வரிச் சலுகை ஒரு பக்கம் என்று சேர்த்தார்கள். 2016-ல் மூடி, சுமார் 14 கோடி டாலர் செலவில் சீரமைத்து, 2017 அக்டோபரில் திறந்தார்கள். 3,400-க்கும் மேல் இருந்த இருக்கைகளைச் சுமார் 2,300 ஆகக் குறைத்தார்கள். நிரம்பாத இருக்கை விற்காத சரக்கு மாதிரி என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது!

குறையும் உண்டு, மறைக்க வேண்டாம். மண்டபம் இருக்கும் ‘ஓவர்-தி-ரைன்’ பகுதி கடந்த இருபது ஆண்டுகளில் மெருகேறியபோது வாடகையும் ஏறியது. பழைய குடியிருப்பாளர்களில் ஏழைகள் பலர் இடம் பெயர நேர்ந்தது என்ற மனத்தாங்கல் அங்கே இன்றும் இருக்கிறது. மண்டபத்தால் கூட்டம் வரும்; கூட்டத்தால் வாடகை ஏறும்; ஏறும் வாடகை முதலில் சிறு கடைக்காரரையும் கூலிக்காரரையும்தான் அழுத்தும். பொதுக் கட்டடம் எழுப்பும்போதே சுற்றிலும் உள்ள சிறு வியாபாரிக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்க வேண்டியது நம்மைப் போன்ற சங்கங்களின் கடமை.

தர்மம் செய்யும்போது கணக்குப் பார்க்கலாமா என்று சில பெரியவர்கள் கேட்பார்கள். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பார்கள். பசித்தவருக்குப் போடும் சோற்றுக்கு அது சரி. நூறு ஆண்டு நிற்க வேண்டிய கட்டடத்துக்கு அது பொருந்தாது என்பது நமது கருத்து. ஒரு மூட்டை பருப்பு வாங்கினால் எடை பார்க்கிறோம், பில் கேட்கிறோம். ஊர்ப் பணத்தில் எழும் மண்டபத்துக்கு மட்டும் ஏன் கேட்கக் கூடாது? கேட்பது கஞ்சத்தனம் ஆகாது; கொடுத்த பணத்துக்கு நாம் செய்யும் மரியாதை அது.

எனவே உறுப்பினர்கள் முன் நாம் வைக்கும் வேண்டுகோள் எளிது. பொதுக் கட்டடம் எதற்கும் சங்கத்தின் சார்பில் பெருந்தொகை கொடுக்குமுன் நாலு கேள்வி கேட்போம். நிலம் யார் பெயரில் இருக்கிறது? நாம் போடும் பணத்துக்கு ஈடாக ஊரார் எவ்வளவு போடுகிறார்கள்? வருமானம் வந்தால் அது யாருக்குப் போகும்? பத்தாவது ஆண்டில் கூரை ஒழுகினால் சரிசெய்யப் பணம் எங்கிருந்து வரும்? நாலுக்கும் பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதன்பின் தாராளமாகக் கொடுப்போம். 1884-ல் ஸ்பிரிங்கர் காலமானார். அவர் விற்ற சரக்கு என்ன, எந்த விலைக்கு விற்றார் என்பது இன்று யாருக்கும் தேவைப்படாத விஷயம். அவர் போட்ட நிபந்தனையோ ஒரு நகரத்துக்கு இன்னும் பாட்டுக் கேட்க இடம் கொடுத்துக்கொண்டிருக்கிறது.