வேன்வாசம்

ராமருக்கு வனவாசம் பதினாலு வருஷம். எனக்கு வேன்வாசம் பதினாலு மாசம். அவருக்காவது கூட சீதை இருந்தாள். எனக்கு வாய்த்தது ஒரு டிரைவர், ஒரு டெக் ஆபரேட்டர், ஒரு ஜெனரேட்டர். மூன்றில் அதிகம் பேசியது ஜெனரேட்டர்தான்.

1991 கடைசி. பி.காம். முடித்துவிட்டு, 'தேவை' என்று எங்கே போட்டிருந்தாலும் அப்ளிகேஷன் அனுப்பிக்கொண்டிருந்தேன். ('மணமகன் தேவை' விளம்பரத்துக்குக்கூட ஒருமுறை பழக்கதோஷத்தில் மார்க் ஷீட் காப்பியோடு அனுப்பியதாக என் தங்கை சொல்வாள். நம்பாதீர்கள்.) ஒரு ஷாம்பு கம்பெனி 'பப்ளிஸிட்டி சூபர்வைஸர்' என்று ஆர்டர் அனுப்பியது. கும்பகோணத்தில் எங்கள் தெருவே திரண்டு வழியனுப்பியது. அம்மா திருஷ்டி சுற்றிப் போட்டாள். மதுரை ஆபீஸில் போய் நின்று, "என் ஸீட் எங்கே ஸார்?" என்றேன். மானேஜர் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார். கீழே ஒரு மெட்டடார் வேன் நின்றிருந்தது.

இன்றைய இளைஞர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பல கிராமங்களில் டி.வி. என்பது பஞ்சாயத்து ஆபீஸில் பூட்டிவைத்த பெட்டி. அங்கே நாங்கள் சாயங்காலம் போய்ச் சாவடி முன்னால் வேனை நிறுத்துவோம். ஜெனரேட்டரைப் பெட்ரோலில் உசுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். வேனின் பக்கவாட்டுக் கதவைத் திறந்தால் கலர் டி.வி. உள்ளே டெக். எம்.ஜி.ஆர். படம். அவர் நம்பியாரை அடிக்கக் கையை ஓங்குவார்... படம் நிற்கும். ஒரு பெண் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வந்து சிரிப்பாள். கூட்டம் எங்கள் மூன்று பேரின் குலத்தையும் கோத்திரத்தையும் விசாரிக்கும். அந்த நேரம் பார்த்து நான் மைக்கைப் பிடித்து ஷாம்பு பாக்கெட் விற்க வேண்டும்!

பாக்கெட் ஷாம்புக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் ரங்கநாதன் 1983-ல் பதினைந்தாயிரம் ரூபாயோடு ஆரம்பித்ததுதான் 'சிக்'. அவர்களைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்ட பூனைகளில் ஒன்று எங்கள் கம்பெனி.

தினப் பேட்டா முப்பது ரூபாய். சாப்பாடும் அதில், படுக்கையும் அதில். லாட்ஜில் படுத்தால் பட்டினி, சாப்பிட்டால் லாட்ஜ் இல்லை. நாங்கள் சாப்பிட்டோம். டிரைவருக்கு முன் ஸீட், எனக்கு டி.வி.க்கும் அட்டைப்பெட்டிகளுக்கும் நடுவே இரண்டடி அகலம், ஆபரேட்டர் தம்பிக்குக் கூரை மேல் கேரியர். மழை வந்தால் அவனும் கீழே இறங்கி என் மேல் படுப்பான். குளியல் பம்ப்செட்டில். சைடு மிர்ரரில் ஷேவிங். ஷாம்புக்கு மட்டும் பஞ்சமே இல்லை.

டிரைவர் பாளையங்கோட்டைக்காரர். எனக்கு அண்ணாச்சி. என்னை அவர் 'சார்வாள்' என்பார். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை.

கோவில்பட்டியிலிருந்து கிழக்கே விளாத்திகுளம், எட்டயபுரம், புதூர் என்று கரிசல் காடு முழுக்கச் சுற்றினோம். (அப்போது அது சிதம்பரனார் மாவட்டம்.) மழை பெய்தால் கரிசல் மண் டயரைக் கவ்விக்கொள்ளும். மாடு வந்து இழுத்தால்தான் வண்டி நகரும். அப்படி மாட்டிக்கொண்ட ஓர் இரவில் பழக்கமானவர் ராமநாதபுரத்துக் கீதாரி ஒருவர். ஊர் ஊராக ஆடு ஓட்டிப்போய்க் கிடை போடுகிறவர். ராத்திரி ஆடுகளை வயலில் அடைத்தால் நிலத்துக்கு உரம், கீதாரிக்குக் கூலி. எங்களுக்கு ஆட்டுப்பாலில் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு வேனைச் சுற்றிப் பார்த்தார். "நீங்களும் நம்மாளுதான். ஊரு ஊரா நீங்க ஷாம்பு போடுறீங்க, நாங்க புழுக்கை போடுறோம். எது நல்லா விளையுதுன்னு மட்டும் கேட்றாதீங்க!" என்றார். கம்பெனி மீட்டிங்கில் இவ்வளவு தெளிவாக யாரும் பேசி நான் கேட்டதில்லை.

1992 ஆகஸ்ட். விளாத்திகுளம் பக்கம் ஒரு கிராமம். ராத்திரி ஒன்பதரை மணிக்குக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு டி.வி.எஸ். 50 வந்தது. கோவில்பட்டி ஏஜென்ட் கடைப் பையன். மதியத்திலிருந்து 'டி.வி. வண்டி இந்தப் பக்கம் போச்சா?' என்று ஊர் ஊராகக் கேட்டபடி வந்திருக்கிறான். கையில் துண்டுச் சீட்டு. மதுரை ஆபீஸுக்குத் தந்தியாம். 'அப்பா சீரியஸ். உடனே புறப்படவும்.'

தந்தி பாஷையில் சீரியஸ் என்றால் என்னவென்று அந்தக் கால ஆட்களுக்குத் தெரியும். (2013-ல் தந்தியையே நிறுத்தினார்கள். நான் வருத்தப்படவில்லை.) வீட்டில் நான் ஒரே பையன். கடைசி பஸ் போய்விட்டது. கும்பகோணம் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். வேனை ரூட்டை விட்டு ஓர் அடி நகர்த்தக்கூடாது என்பது கம்பெனி சட்டம்.

அண்ணாச்சி சீட்டை வாங்கிப் பார்த்தார். எம்.ஜி.ஆரை நிறுத்தினார். "ஏல, எல்லாத்தையும் எறக்கு" என்றார். டி.வி., டெக், ஜெனரேட்டர், அட்டைப்பெட்டி எல்லாம் பத்து நிமிஷத்தில் சாவடித் திண்ணைக்குப் போயின. ஊர்க்காரர்கள்தான் தூக்கினார்கள். மளிகைக் கடைக்காரர் கல்லாவைத் திறந்து, எண்ணாமல் அள்ளி டீஸலுக்குக் கொடுத்தார். அப்புறம் எண்ணிப் பார்த்தேன், 212 ரூபாய். காவலுக்கு ஆபரேட்டர் தம்பி அங்கேயே இருப்பதென்று ஏற்பாடு. "நீங்க மெதுவா வாங்கண்ணே, நான் பாத்துக்கிறேன்" என்றான். பார்த்துக்கொண்டான். மறுநாளும் அதற்கு மறுநாளும் அந்த ஊர் விளம்பரமே இல்லாமல் எம்.ஜி.ஆர். படம் பார்த்ததாக அப்புறம் கேள்வி.

கிளம்பும்போது அவன் ஒரு யோசனை சொன்னான். "அண்ணாச்சி, மீட்டர் கேபிளைக் கழட்டி விட்ருவோமா? கிலோமீட்டர் ஏறாது."

"அப்பன் காரியத்துக்குப் போற வண்டிடா. அதுல களவு வேண்டாம்."

பந்தல்குடி, அருப்புக்கோட்டை, மதுரை, மேலூர், திருப்பத்தூர், புதுக்கோட்டை. அண்ணாச்சி ஒரு வார்த்தை பேசவில்லை, ஆறுதல்கூட. இரண்டு இடத்தில் டீ வாங்கிக் கொடுத்தார். தஞ்சாவூர் தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டி இறங்கினார். மூத்திரம் போகிறார் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் வரவில்லை. இறங்கிப் பார்த்தால், தன் போர்வையை விரித்து வேனின் பக்கவாட்டில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறார். அங்கே ஆளுயரத்துக்குக் கூந்தலை விரித்துப் போட்டுச் சிரித்துக்கொண்டிருப்பாளே, எங்கள் ஷாம்பு அழகி... எழவு வீட்டு வாசலில் அவள் அப்படிச் சிரிக்கக்கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. எனக்குத் தோன்றவில்லை.

அப்பாவுக்குக் கொள்ளி நான்தான் வைத்தேன். அண்ணாச்சி மயானம் வரை வந்தார். ஆற்றில் முழுக்குப் போட்டுவிட்டு ஈர வேட்டியோடே திரும்பிப் போய்விட்டார்.

பதினாறாம் நாள் முடிந்து மதுரை போனேன். மீட்டரில் அதிகப்படியாக 700 கிலோமீட்டர். மானேஜர் இங்கிலீஷில் இரண்டு வரி டைப் அடித்து வைத்திருந்தார். சூபர்வைஸரைக் கேளாமல் டிரைவர் தன்னிஷ்டத்துக்கு வண்டியை எடுத்தார் என்று. "யாராவது ஒருத்தர் போகணும். நீயா, அவனா?" என்றார்.

என்னைக் கேளாமல்தான் எடுத்தார், வாஸ்தவம். அதைச் சொல்லிச் சொல்லித்தான் கையெழுத்துப் போட்டேன். வீட்டில் காரியச் செலவுக் கடன், கல்யாணத்துக்குத் தங்கை. அண்ணாச்சியை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். மளிகைக் கடைக்காரருக்கு மணியார்டரில் 212 ரூபாயைத் திருப்பி அனுப்ப எனக்குத் தெரிந்தது. இவருக்கு ஒரு கார்டு போடத் தைரியம் வரவில்லை. இருபத்திரண்டு வருஷம் வரவில்லை!

2014-ல் ஆபரேட்டர் தம்பி போன் செய்தான். மதுரையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அவனிடம் விலாசம் வாங்கிக்கொண்டு பாளையங்கோட்டை போனேன். பழம், வேட்டி சட்டை, பஸ்ஸில் வரும்போதே ஒத்திகை பார்த்த நாலு பாரா மன்னிப்பு. சாயங்காலம் மூன்று மணி. அண்ணாச்சி ஒரு ஸ்கூல் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரை.

"வாங்க சார்வாள்" என்றார், நேற்றுப் பார்த்த மாதிரி.

முதல் பாராவிலேயே எனக்குத் தொண்டை அடைத்தது. அந்தக் கையெழுத்து... என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்லா. அந்தப் பேப்பரை எங்கிட்டயும் காட்டுனாங்க. இங்கிலீசு என்னத்தத் தெரியும் எனக்கு? உங்க கையெழுத்து மட்டும் கோணலா இருந்துச்சு. கை நடுங்கியிருக்கு, பாவம்னு நெனச்சேன்." வாட்சைப் பார்த்தார். "பிள்ளைய ஸ்கூல் விட்டிருக்கும். ஏறுங்க, போற வழியில பஸ் ஸ்டாண்டுல விடுதேன்."

ஏறினேன். இரண்டாவது நிமிஷம் இருபது பிள்ளைகள் பைகளோடு ஏறி என்னை ஓர் ஓரத்துக்குத் தள்ளின. இரண்டடி அகலம் இருக்கும். பழகின அளவுதான். ரெட்டை ஜடை போட்ட ஒரு வாண்டு என்னை முறைத்துப் பார்த்துவிட்டு, "தாத்தா, யாரு இது? புதுசா சேர்ந்திருக்காரா?" என்றது.

அண்ணாச்சி கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"இல்லட்டி. இவரு நம்ம வண்டியிலதான் இருந்தாரு. கொஞ்ச நாளா லீவு."