கம்ப்யூட்டர் பழசாயிடுச்சா? வயசைப் பார்க்காதீங்க, வேலையைப் பாருங்க



குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமை சந்தையில் ஆடு வாங்குறவர் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் விலை பேச மாட்டார். அதே ஆளிடம் கம்ப்யூட்டர் கடையில் "விண்டோஸ் 10 முடிஞ்சு போச்சு சார், புதுசு எடுத்துக்கங்க" என்று சொன்னால், எதையும் பார்க்காமல் 50,000 ரூபாய்க்கு இஎம்ஐ போட்டுவிட்டு வருகிறார். இன்னொரு பக்கம், "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்று பத்து வருடப் பழைய கம்ப்யூட்டரிலேயே பேங்க், ஜிஎஸ்டி எல்லாம் பார்க்கிறவர்களும் இருக்காங்க.

ரெண்டு பேருமே "இது பழசா, புதுசா?" என்றுதான் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது, "இந்தக் கம்ப்யூட்டர் எந்த வேலையைச் செய்யுது, அது கெட்டால் எனக்கு எவ்வளவு போகும்?" என்பதுதான். குருபரப்பள்ளியில் இருந்து சூளகிரி, ஓசூர் சிப்காட் வரைக்கும் சின்ன பட்டறை, ஜாப் ஒர்க் யூனிட், லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துறவங்களை மனசில் வைத்து இதை எழுதுகிறேன். வீட்டு லேப்டாப்புக்கும் பொருந்தும்.

உண்மையில் என்ன முடிஞ்சது?

2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. ஆபீஸ் 2016, 2019-க்கும் அதே நாள்தான். இதற்கு கம்ப்யூட்டர் நின்றுவிடும் என்று அர்த்தம் இல்லை. இனிமேல் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை மைக்ரோசாஃப்ட் இலவசமாக அடைக்காது, அவ்வளவுதான். பூட்டு அப்படியேதான் இருக்கு, ஆனால் அதைத் திறக்கும் புதுச் சாவிகள் வெளியே வந்துகொண்டே இருக்கும்.

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 சிப் வேணும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர் வேணும். அதாவது 2017 கடைசிக்கு முன்னாடி வந்த கம்ப்யூட்டர் பெரும்பாலும் தேறாது. அதற்குப் பிறகு வாங்கியது என்றால் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைப் பாருங்க. தகுதி இருந்தால் விண்டோஸ் 11 இலவசம். கடைக்காரர் சொல்றதுக்கு முன்னாடி இந்த ஒரு நிமிட வேலையைச் செய்தாலே பல பேருக்கு 50,000 ரூபாய் மிச்சம்.

"ஸ்லோவா இருக்கு" என்பது புதுசு வாங்கக் காரணமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்க ஆபீஸில் பில் போடும் ஸ்டாஃபுக்கு மாதம் 15,000 ரூபாய் சம்பளம், 26 நாள் வேலை. கம்ப்யூட்டர் ஆன் ஆகவும் ஃபைல் திறக்கவும் தினம் 20 நிமிடம் வீணாகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 520 நிமிடம், ஏறக்குறைய 8 மணி 40 நிமிடம். சம்பளக் கணக்கில் சுமார் 625 ரூபாய்.

இதற்காக 50,000 ரூபாய்க்குப் புது லேப்டாப் வாங்கினால் போட்ட காசு திரும்ப 80 மாதம் ஆகும். அதற்குள் அந்த லேப்டாப்பே பழசாகிவிடும்! பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட, கூலியோடு 4,000 ரூபாய் ஆகிறது என்றால் ஏழாவது மாதத்தில் போட்ட காசு வந்துவிடும். 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போவதால் ராம், எஸ்எஸ்டி விலை ஏறியிருப்பது உண்மைதான். ஆனால் அதே விலையேற்றம் புது லேப்டாப்பிலும் சேர்ந்துதான் வரும். அதனால் வேகம் மட்டும்தான் பிரச்சினை என்றால் முதலில் எஸ்எஸ்டி.

பேரம் பேசக் கூடாத கம்ப்யூட்டர்

நெட் பேங்கிங், ஜிஎஸ்டி, இ-வே பில், பார்ட்டி கணக்கு எல்லாம் எந்தக் கம்ப்யூட்டரில் நடக்கிறதோ, அதில் சிக்கனம் பார்க்காதீங்க. 2017 மே மாதம் உலகம் முழுக்க வான்னாக்ரை தாக்கியது. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே அப்டேட் கொடுத்திருந்தது. அதைப் போடாத கம்ப்யூட்டர்கள்தான் மாட்டின. இன்றைக்கு விண்டோஸ் 10 வைத்திருப்பவருக்கு அந்த அப்டேட்டே சும்மா வராது என்பதுதான் வித்தியாசம்.

விண்டோஸ் 11-க்குத் தேறாத வீட்டு கம்ப்யூட்டருக்கு ஒரு தற்காலிக வழி இருக்கு. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் செட்டிங்ஸை சிங்க் பண்ணினால், 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் காசில்லாமல் கிடைக்கும். இது சொந்த உபயோகத்துக்கு மட்டும். வியாபாரத்துக்கு ஒரு கம்ப்யூட்டருக்கு முதல் வருடம் 61 டாலர், அடுத்த வருடம் அதில் இரட்டிப்பு, மூன்றாவது வருடம் அதிலும் இரட்டிப்பு. மூன்று வருடத்துக்கு 427 டாலர். அந்தக் காசுக்கு ஏறக்குறைய ஒரு கம்ப்யூட்டரே வந்துவிடும். ஒரு வருட அவகாசம் வாங்க சரி, அதற்கு மேல் இது நஷ்டம்.

யூடியூப் பார்த்து விண்டோஸ் 11-ஐக் குறுக்கு வழியில் ஏற்றுவது, கிராக் போடுவது ரெண்டும் பணம் புழங்கும் கம்ப்யூட்டரில் வேண்டவே வேண்டாம்.

கை வைக்கக் கூடாத கம்ப்யூட்டர்

பட்டறையில் சிஎன்சி மெஷினோடு, எடை மேடையோடு, அளவு பார்க்கும் கருவியோடு வந்த விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் இன்னும் பல இடத்தில் ஓடிக்கொண்டிருக்கு. எக்ஸ்பி ஆதரவு 2014-லேயே, 7-க்கு 2020-லேயே முடிந்துவிட்டது. அதற்காகப் பதறி மாற்றினால் மெஷினோடு பேசும் மென்பொருள் புது விண்டோஸில் வேலை செய்யாமல் போகலாம். கம்ப்யூட்டருக்கு 50,000 செலவு பண்ணப் போய், லட்சக்கணக்கில் மதிப்புள்ள மெஷின் சும்மா நிற்கும்.

அதை மாற்ற வேண்டாம், தனிமைப்படுத்துங்க. நெட் கேபிளைப் பிடுங்குங்க. வைஃபையை அணைங்க. அதற்கென்று ஒரே ஒரு பென் டிரைவ். அதையும் வேறு கம்ப்யூட்டரில் ஸ்கேன் பண்ணிய பிறகே சொருகணும். முழு ஹார்ட் டிஸ்க்கையும் குளோன் எடுத்து பீரோவில் வையுங்க. 2018 ஆகஸ்டில் தைவானின் டிஎஸ்எம்சி சிப் தொழிற்சாலையே வான்னாக்ரை வகை வைரஸால் நின்றது. புதுசா வந்த ஒரு கருவியில் வைரஸ் ஸ்கேன் பண்ணாமல் மென்பொருள் போட்டதுதான் காரணம். அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்த நிலைமை என்றால் நம்ம பட்டறை எம்மாத்திரம்?

மென்பொருள் மாற்றுவது

இங்கே பல நேரம் சட்டமே முடிவு செய்துவிடும். நீங்க பிரைவேட் லிமிடெட் என்றால், 2023 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு கணக்கு மாற்றத்தையும் பதிவு செய்யும் மென்பொருளில்தான் கணக்கு எழுதணும். பழைய டேலி பதிப்போடு காலம் தள்ள முடியாது. தனி உரிமையாளர், கூட்டாண்மை என்றால் இந்த விதி கிடையாது. ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு நிதானமா முடிவெடுக்கலாம்.

பிள்ளைகள் படிக்க, படம் பார்க்க, பிரவுசர் மட்டும் போதும் என்கிற வீடுகளில் லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்க. இலவசம். பல வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய அரசு லேப்டாப்புக்குக்கூட உயிர் வரலாம். டேலி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன் பயன்படுத்தும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும் சோதிக்காமல் இந்த மாற்றத்தைச் செய்யாதீங்க.

வாங்கியே ஆகணும்னு முடிவாச்சா?

"டாக்ஸ் மிச்சம்" என்பதற்காக வாங்காதீங்க. 50,000 ரூபாய் லேப்டாப்புக்கு 18% ஜிஎஸ்டி 9,000. வழக்கமான ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அதை இன்புட்டாக எடுக்கலாம். காம்பொசிஷன் என்றால் முடியாது. தேய்மானம் 40%, அதாவது முதல் வருடம் 20,000 செலவு காட்டலாம். 30% வரி கட்டும் கூட்டாண்மை நிறுவனத்துக்கு அதில் மிச்சம் 6,000 தான். அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அதிலும் பாதி. 6,000 மிச்சம் பிடிக்க 50,000 செலவு பண்ணுவது சிக்கனம் இல்லீங்க.

பெங்களூர் எஸ்.பி. ரோடு நமக்குப் பக்கம்தான், போய் வாங்கலாம். ஆனால் அங்கே கர்நாடக எஸ்ஜிஎஸ்டி போட்டு பில் கொடுத்தால், தமிழ்நாட்டு ஜிஎஸ்டி எண் வைத்திருக்கும் உங்களுக்கு அந்த இன்புட் கிடைக்காது. உங்க எண்ணைக் கொடுத்து ஐஜிஎஸ்டி பில் கேளுங்க. செகண்ட் ஹேண்ட் என்றால் ஐ7 ஸ்டிக்கரைப் பார்த்து மயங்காதீங்க. மாடல் நம்பரைப் பாருங்க. ஐ5-8250 என்றால் எட்டாம் தலைமுறை, விண்டோஸ் 11 ஏறும். ஐ5-7200 என்றால் ஏழு, ஏறாது.

"நோ காஸ்ட் இஎம்ஐ" என்றாலும் பிராசஸிங் கட்டணமும், வட்டி மேல் 18% ஜிஎஸ்டியும் கார்டு பில்லில் வந்து நிற்கும். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தாளை எடுங்க. உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் மூணே விஷயம் எழுதுங்க: என்ன வேலை, நெட் இருக்கா, ஒரு நாள் நின்றால் எவ்வளவு நஷ்டம். பணம் புழங்குவதை மாற்றுங்க, மெஷினோடு இருப்பதைத் தனிமைப்படுத்துங்க, மற்றதுக்கு எஸ்எஸ்டியோ லினக்ஸோ போடுங்க. எதைச் செய்வதற்கு முன்னாடியும் டேட்டாவை ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து, அதைக் கழற்றி வைத்துவிடுங்க. கம்ப்யூட்டர் போனால் காசு கொடுத்து வேற வாங்கிக்கலாம். பார்ட்டி பாக்கி எவ்வளவு என்கிற கணக்கு போனால் எந்தக் கடையிலும் வாங்க முடியாது.