திருப்தியா என்று கேட்டால் போதுமா?

கேள்வி: தீயணைப்பு நிலையத்தின் சேவை மக்களுக்குத் திருப்தியா என்று எங்கள் ஊராட்சியில் கேட்டு எழுத நினைக்கிறோம். என்னென்ன கேட்கலாம்?
- வாசகர், திருக்காட்டுப்பள்ளி அருகில்

பதில்: ‘திருப்தியா?’ என்று மட்டும் கேட்டால் உண்மை தெரியாது. கதண்டுக் கூட்டை அழித்துக் கொடுத்த வீட்டில் ‘ரொம்பத் திருப்தி’ என்பார்கள். வைக்கோல் போர் எரிந்தவரோ, வண்டி சீக்கிரம் வந்திருந்தாலும் மனம் நொந்துதான் பேசுவார். பற்றிக்கொண்ட போரைக் காப்பாற்றுவது அரிது. பக்கத்துப் போருக்கும் கூரைக்கும் தீ தாவாமல் தடுத்தார்களா என்பதே அங்கே அளவு.

ஆகவே, நடந்ததைக் கேளுங்கள். தீயைப் பார்த்தது எத்தனை மணிக்கு? 101 அல்லது 112-க்குப் பேசியது எப்போது? (செல்போனிலேயே நேரம் இருக்கும்.) வண்டி வந்தது எப்போது? தெருவுக்குள் நுழைய முடிந்ததா? தண்ணீர் எங்கே எடுத்தார்கள்? வழக்கப்படி ஜனவரி 28-ல் மேட்டூர் அணையை மூடிய பிறகு குடமுருட்டியில் நீர் குறைந்து, வாய்க்கால்கள் காய்ந்துவிடும். சம்பா வைக்கோல் போர் போடுவதும் அதையொட்டித்தான். தாங்களே தீயை அணைத்தவர்களிடம், ஏன் கூப்பிடவில்லை என்றும் கேளுங்கள்.

நிலையத்தில் பதிவான நேரம் வேண்டுமானால், தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்துடன் மனுப் போடலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

பிறகு விடைகளைப் பிரித்துப் பாருங்கள். தாமதமாகக் கூப்பிட்டது நம் குறை. வழியும் தண்ணீரும் ஊராட்சியின் வேலை. வண்டி வரத் தாமதமானால் துறை பதில் சொல்லட்டும். மே 1 கிராம சபையில் இந்தக் கணக்கை வையுங்கள்.