காரீயம் உருக்க லயன் வீட்டில் இடம் ஏது?

அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கார் ஷெட்டில் உட்கார்ந்து தோட்டா தயாரிப்பது ஒரு பொழுதுபோக்கு. இங்கே தபால்தலை சேர்க்கிற மாதிரி, மீன்தொட்டி வைக்கிற மாதிரி. சுட்டு முடித்த பித்தளை உறையைப் பொறுக்கி, கழுவி, மறுபடி மருந்து நிரப்பி, முனைக்குக் குண்டு வைத்துச் சுடுகிறார்கள். 'ரீலோடிங்' என்று பெயர். குண்டைக்கூடக் கடையில் வாங்காமல் காரீயத்தை உருக்கி அச்சில் வார்த்துக்கொள்கிறவர்கள் உண்டு. அதற்கென்று கருவி, புத்தகம், கடை, வாரக் கடைசியில் கூடிப் பேச ஒரு கும்பல், எல்லாம் இருக்கிறது. அந்த ஊர்ச் சட்டத்துக்கு உட்பட்டு அவர்கள் செய்வதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இந்த ஆசை மலையேறி சேரங்கோடு வரைக்கும் வந்திருப்பதுதான் சிக்கல். யானை ஒருவரை மிதித்துக் கொன்ற மறுநாள் டீக்கடையில் காதைக் கொடுத்தால் போதும். "வீட்டுக்கு ஒரு துப்பாக்கி லைசன்ஸ் கொடுக்கட்டும், தோட்டாவை நாங்களே பார்த்துக்கறோம்" என்கிற ரீதியில் பேச்சு ஓடும். செல்போனில் வெளிநாட்டுப் படங்களைப் பார்த்த பையன்கள், இது ஏதோ கைத்தொழில் மாதிரி, ஒரு அச்சும் ஒரு அடுப்பும் இருந்தால் முடிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். முடியாது. முடியவும் கூடாது.

சேரங்கோடு என்றால் பலருக்குத் தெரியாது. ஊட்டி என்றதும் ரோஜாப் பூங்காவும் போட் ஹவுசும் ஞாபகம் வருமே, அந்த நீலகிரி அல்ல இது. கூடலூர் தாண்டி, பந்தலூர் தாண்டி, கேரள எல்லையை ஒட்டி வயநாட்டைப் பார்த்துச் சரிகிற மலை. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்களுக்கு வேலை கொடுக்க அரசு உண்டாக்கிய டான்டீ தோட்டங்கள் ஒரு பக்கம். தனியார் எஸ்டேட் ஒரு பக்கம். பணியர், குறும்பர் குடியிருப்புகள், மலையாளி விவசாயிகள், நடுவே காடு. காடு எங்கே முடிகிறது, தேயிலை எங்கே தொடங்குகிறது என்று யானைக்குத் தெரியாது. ரெவின்யூ ஆபீசுக்கே சரியாகத் தெரியாது. 1969 ஜன்மம் ஒழிப்புச் சட்டம் வந்து அரை நூற்றாண்டு தாண்டியும் பட்டா இல்லாமல் இருக்கிற குடும்பங்கள் ஏராளம்.

இந்த ஊரில் அந்தப் பொழுதுபோக்கை எங்கே வைத்துச் செய்வது? லயன் வீட்டில் மொத்தம் ஒரு அறையும் ஒரு சமையலறையும். கார் ஷெட் கிடையாது, காரும் கிடையாது. காரீயம் 327 டிகிரியில் உருகும். விறகடுப்பே போதும். அதே அடுப்பில்தான் சோறு வேகிறது, அதே தரையில்தான் கைக்குழந்தை தவழ்கிறது. உருகும்போது மேலே திரளும் கசடு, அச்சைத் தட்டும்போது பறக்கிற தூள், சட்டையில் ஒட்டி வருகிற பொடி, எல்லாம் அந்த ஒரே அறையில்தான் படியும். காரீயத்தில் 'இந்த அளவுக்குக் கீழே போனால் ஆபத்தில்லை' என்று ஒரு அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. பெரியவர்களுக்கு ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு. பிள்ளைகளுக்கு மூளை வளர்ச்சியே பாதிக்கும். பள்ளிக்கூடத்தில் மக்கு என்று திட்டு வாங்குகிற பிள்ளைக்குக் காரணம் அடுப்படியில் இருந்தது என்று யாருக்கும் தெரியப் போவதில்லை. இந்தியாவில் 2000-ம் ஆண்டில் பெட்ரோலில் ஈயம் சேர்ப்பதை நிறுத்தினார்கள். எதற்காக நிறுத்தினார்களோ அதையே பொழுதுபோக்கு என்ற பெயரில் சமையலறைக்குள் கூட்டி வர வேண்டுமா?

இங்கே உடனே ஒரு பதில் வரும். "எங்க பாட்டி ஈயச் சொம்பிலதான் ரசம் வெச்சா, எண்பது வயசு இருந்தா." பாட்டி இருந்திருப்பாள். ஏனென்றால் அது வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் பூசியதும் வெள்ளீயம்தான். தோட்டாவுக்கு வார்ப்பது காரீயம், வேறு உலோகம், விஷம். தமிழில் இரண்டுக்கும் வாலில் ஒரே பெயர் ஒட்டிக்கொண்டதால் வந்த வினை இது. பழைய பேட்டரியை உடைத்து எடுக்கிறதும், மீன் வலையில் கோர்க்கிற குண்டும் காரீயம். ரசச் சொம்பை இதற்குச் சாட்சிக்கு இழுக்கக் கூடாது.

அடுத்தது சட்டம். 1959 ஆயுதச் சட்டத்தில் 'தோட்டா' என்றால் முழுத் தோட்டா மட்டும் அல்ல. அதன் பாகங்களும், அதைத் தயாரிக்கிற இயந்திரமும் அதே வார்த்தைக்குள் அடக்கம். தயாரிப்பதற்குத் தனி உரிமம் வேண்டும் என்கிறது 5-ம் பிரிவு. துப்பாக்கி வைத்துக்கொள்ள வாங்கிய உரிமம் தயாரிப்பு உரிமம் ஆகாது. உரிமம் இல்லாமல் தயாரித்தால் முன்பு 3 முதல் 7 வருஷம் சிறை. 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 வருஷம், அதிகபட்சம் ஆயுள். அதே திருத்தத்தில்தான் ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன. ஒரு ஹாபிக்கு ஏழு வருஷம்! அந்த ஏழு வருஷமும் யாருக்கு விழும் என்பதையும் யோசிக்க வேண்டும். எஸ்டேட் பங்களாவில் இருப்பவருக்கு வக்கீல் இருக்கிறார். நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்ததாகப் பிடிபட்டு பேப்பரில் படத்தோடு வருகிறவன் லுங்கி கட்டிய ஒரு ஏழைதான், எப்போதும்.

இந்த மலையின் சரித்திரமும் அப்படித்தான். எப்.டபிள்யூ.எப். பிளெட்சர் என்கிற தோட்டத்துரை, நீலகிரியிலும் வயநாட்டிலும் ஆடிய வேட்டையைப் பற்றி 1911-ல் ஒரு தடிப் புத்தகமே போட்டார். 1877-ல் ஊட்டியில் வேட்டைக்காரர்கள் சங்கம் வைத்தார்கள். 1879-ல் நீலகிரிக்கென்று தனியாக வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டு விலங்குகள் மேல் கருணை பொங்கி வந்த சட்டம் அல்ல அது. துரைமார் அடுத்த வருஷமும் சுட வேண்டுமானால் ஏதாவது மிச்சமிருக்க வேண்டுமே! 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்து அந்தக் கதையை முடித்தது. (அந்தச் சங்கமே பிற்பாடு வனவிலங்கு, சுற்றுச்சூழல் சங்கமாக மாறிவிட்டது. காலம் செய்த கோலம்.) இப்போது தோட்டா வார்க்க ஆசைப்படுகிறவர்கள் தங்களை அந்த துரைகளின் இடத்தில் வைத்துப் பார்க்கிறார்களே தவிர, கூடவே துப்பாக்கி தூக்கிப் போன குறும்பனின் இடத்தில் வைத்துப் பார்ப்பதில்லை.

சிக்கனம் என்பார்கள். ஒரு தோட்டாவில் விலை அதிகமான பாகம் பித்தளை உறை, அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் மிச்சம்தானே என்று கணக்கு. காமர்ஸ் படிக்கிற முதல் வருஷப் பையன்கூட இந்தக் கணக்கில் ஓட்டை கண்டுபிடிப்பான். அச்சு, அழுத்தும் கருவி, தராசு என்று நிலையான செலவு முதலில் போகிறது. அதை மீட்கவே ஆயிரக்கணக்கில் சுட வேண்டும். அமெரிக்கர்களே இதைக் கிண்டலாகச் சொல்லிக்கொள்வார்கள்: மிச்சம் பிடிக்கலாம் என்று ஆரம்பித்தோம், அதே காசுக்கு இரண்டு மடங்கு சுடுகிறோம் என்று. அங்கே ஆயிரம் ரவுண்டு சுட மைதானம் இருக்கிறது. சேரங்கோட்டில் யாரைப் பார்த்து ஆயிரம் ரவுண்டு சுடுவது?

போட்டிக்குச் சுடுகிறவர்களின் கஷ்டம் வேறு, அது நியாயமானது. நல்ல தோட்டா இந்தியாவில் எளிதில் கிடைப்பதில்லை, வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், விலை அதிகம். அவர்கள் சங்கத்தின் மூலம், ரேஞ்சில், கண்காணிப்போடு தோட்டா குறைந்த விலைக்கு வேண்டும் என்று கேட்டால் அதற்கு ஆதரவு கொடுக்கலாம். ஆனால் அதற்கும் வீட்டில் மருந்து நிரப்புவதற்கும் சம்பந்தம் இல்லை. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது 10 மீட்டர் ஏர் ரைபிளில். அதில் வெடிமருந்தே கிடையாது.

வெடிமருந்து என்றதும் நீலகிரிக்காரர்களுக்கு அருவங்காடு ஞாபகம் வரும். 1904-ல் தொடங்கிய கார்டைட் தொழிற்சாலை. 2021 அக்டோபரிலிருந்து மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. துப்பாக்கி மருந்து தயாரிப்பதையே நூறு வருஷத்துக்கு மேலாகத் தொழிலாகச் செய்யும் இடம். பயிற்சி பெற்ற ஆட்கள், தள்ளித் தள்ளிக் கட்டிய கட்டடங்கள், ஆயிரம் விதிமுறை. அங்கேயே விபத்து நடந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். அப்படியிருக்க, அடுப்புக்குப் பக்கத்தில் பீரோவில் மருந்து வைத்துக்கொண்டு ஹாபி செய்யலாம் என்பது என்ன தைரியம்?

கைமருந்து இந்தப் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. அவுட்டுக்காய் என்று ஒன்று உண்டு. காட்டுப்பன்றிக்கு என்று தீனிக்குள் வெடி வைப்பது. பன்றி கடிக்கும், மாடு கடிக்கும், யானையும் கடிக்கும். 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் வெள்ளியாற்றுத் தண்ணீரில் வாயை முக்கிக்கொண்டு நின்றே செத்துப்போன கர்ப்பிணி யானையை நாடே பார்த்தது. வீட்டுத் தயாரிப்பின் லட்சணம் அது. குறி வைத்தது ஒன்று, பட்டது ஒன்று.

குறி தப்பாமல் பட்டாலும் கதை முடிவதில்லை. காரீயக் குண்டு எலும்பில் பட்டுச் சிதறும். பொடிப்பொடியாக மாமிசத்தில் தங்கும். அந்தப் பிணத்தைத் தின்ன வருவது கழுகும் பாறுவும். கலிபோர்னியாவில் கான்டோர் என்கிற பெரிய பாறுக் கழுகு 1987-ல் உலகம் முழுக்க வெறும் 27 மிச்சம், அத்தனையும் கூண்டில். வளர்த்துத் திரும்பக் காட்டில் விட்டபோது அவற்றை அதிகம் கொன்றது காரீய விஷம்தான். அதனால் 2013-ல் சட்டம் போட்டு, 2019 ஜூலையிலிருந்து அந்த மாநிலத்தில் வேட்டைக்குக் காரீயக் குண்டே கூடாது என்று ஆக்கினார்கள். ஹாபியின் தாய்நாட்டிலேயே இந்த நிலைமை! தென்னிந்தியாவில் மிஞ்சியிருக்கிற பாறுகளில் முக்கியமான கூட்டம் இதே நீலகிரியில், மாயாறு பள்ளத்தாக்கில் இருக்கிறது. மாட்டுக்குப் போடும் டைக்ளோபினாக் மருந்தால் அழிந்துகொண்டிருந்தவை. அதை 2006-ல் தடை செய்து கொஞ்சம் மூச்சு விட வைத்திருக்கிறார்கள். அவற்றின் இலையில் அடுத்து காரீயத்தைப் பரிமாறலாமா?

சரி, மனுஷன் உயிருக்கு என்ன பதில் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2020 டிசம்பரில் சேரம்பாடிப் பக்கம் சங்கர் என்று பெயர் வைத்த கொம்பன் யானை மூன்று பேரைக் கொன்றது. அதில் அப்பாவும் மகனும் அடக்கம். 2015 பிப்ரவரியில் தேயிலைத் தோட்டத்துப் பெண்ணைப் புலி கொன்றது. 2024 ஜனவரியில் மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. எல்லாம் இதே பந்தலூர் வட்டத்தில். இந்த வீடுகளில் போய் நின்று விலங்கு நேயம் பேசுகிறவனுக்கு நாக்கு கூச வேண்டும்.

ஆனால் இதில் எந்தச் சாவை வீட்டில் வார்த்த குண்டு தடுத்திருக்கும்? இருட்டில், பனியில், வேலைக்குப் போகிற வழியில், பத்தடி தூரத்தில் யானை நிற்கிறது. தோளில் துப்பாக்கி இருந்தாலும் இறக்குவதற்குள் முடிந்துவிடும். பட்டாலும் யானை சாகாது. காயத்தோடு அலையும், அடுத்து எதிரே வருகிறவனைக் கொல்லும். அந்த அடுத்தவன் கையில் துப்பாக்கி இருக்காது, கொழுந்துக் கூடை இருக்கும். சங்கரை 2021 பிப்ரவரியில் மயக்க ஊசி போட்டு, கும்கிகளை வைத்துத்தான் பிடித்தார்கள். 2022 டிசம்பரில் பிஎம்-2 என்கிற மக்னாவையும் அப்படியே பிடித்து முதுமலையில் விட்டார்கள். அது அடுத்த மாதமே கேரளாவுக்குள் சுல்தான் பத்தேரி டவுனுக்கே போய்விட்டது என்பது வேறு விஷயம். பயிற்சி உள்ளவர்கள், டாக்டர், கும்கி எல்லாம் இருந்தே இவ்வளவு பாடு.

துப்பாக்கிப் பேச்சால் லாபம் அடைகிறவர் யார் என்று பார்த்தால் அதிகாரிகள்தான். வீட்டுக்கு ஒரு துப்பாக்கி என்று கேட்கிற ஊருக்கு 'சட்டத்தில் இடமில்லை' என்று ஒரு வரியில் பதில் எழுதி பைலை மூடிவிடலாம். லயன் பாதையில் விளக்கு வேண்டும், வீட்டுக்குள்ளேயே கக்கூஸ் வேண்டும், யானை நடமாட்டத்தைச் சாயங்காலமே சொல்ல வேண்டும், விடியற்காலை ஷிப்டை வெளிச்சம் வந்த பிறகு வைக்க வேண்டும், பட்டா வேண்டும் என்று கேட்டால் அப்படி மூட முடியாது. ஒவ்வொன்றுக்கும் பணம் ஒதுக்க வேண்டும், ஆள் போட வேண்டும், யாராவது கையெழுத்துப் போட வேண்டும். உயிரிழப்புக்கு மத்திய அரசு நிதியை 2023 டிசம்பரில் 10 லட்சமாக உயர்த்தியது. செத்த பிறகு கொடுக்கிற காசு. சாவதற்கு முன்னால் ஒரு தெருவிளக்குக்கு எவ்வளவு ஆகும் என்று மின்வாரியத்தில் விசாரிக்கலாம்.

காட்டுப்பன்றிக்கு மட்டும் ஒரு வழி விட்டிருக்கிறார்கள். 2025 ஜனவரியில் தமிழக அரசு சொன்னது: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடவே கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் கொண்டுபோய் விட வேண்டும், 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறைப் பயிற்சி பெற்றவர்கள் சுடலாம். சென்னையில் உட்கார்ந்து வரைபடத்தில் வட்டம் போட்டவர்கள் ஒருநாள் சேரங்கோடு வந்து, காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஒரே ஒரு வாழைத் தோட்டத்தைக் காட்டட்டும்.