கழுத்தில் சொடக்கு, தொண்டையில் முள்

முடி வெட்டி முடித்ததும் தலையை இரண்டு கையாலும் பிடித்து, இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு. 'படக்' என்று சத்தம் வரும். "லேசா ஆயிடுச்சா சார்?" என்பார் சலூன் தம்பி. முப்பது வருடம் இந்தச் சுகத்துக்குப் பழகியவன் நான். இப்போது வேண்டாம் என்கிறேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் இரண்டு தொந்தரவு சேர்ந்து வந்தது. கழுத்தைத் திருப்பினால் உள்ளே மணல் அரைபடுவது போல நறநறவென்றது. எச்சில் விழுங்கினால் வலப்பக்கத் தொண்டையில் மீன் முள் குத்தியது. மீன் சாப்பிட்டே இருபது நாள் ஆகியிருந்தது! வீட்டில் வெறும் சோற்றை உருட்டி விழுங்கச் சொன்னார்கள். ஒரு டாக்டர் கேஸ் என்று மாத்திரை கொடுத்தார். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் பார்த்த நண்பர், "ஒரு நெட்டி எடுத்துக்கோ, சரியாப்பூடும்" என்றார். இப்படியே இரண்டு மாதம் ஓடியது. ராத்திரியில் மட்டும் என் பெரியப்பா ஞாபகம் வரும். வெற்றிலை புகையிலை போடுகிறவர். தொண்டை வலியை ஆறு மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்து போய்ச் சேர்ந்தார்.

கடைசியில் காது மூக்கு தொண்டை டாக்டரம்மாவிடம் போனேன். அவர் டான்சில் குழியை விரலால் அழுத்தி, "இதானே அந்த இடம்?" என்றார். அதே இடம்தான், வலி காது வரை பாய்ந்தது. படம் எடுத்ததில், காதுக்குக் கீழே மண்டையோட்டிலிருந்து இறங்கும் ஸ்டைலாய்டு எலும்பு நீண்டிருந்தது. வழக்கமாக இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் இருக்கும். எனக்கு நான்கைத் தாண்டியிருந்தது. 1937இல் இதை விவரித்த அமெரிக்க மருத்துவர் வாட் ஈகிள் பெயரால் 'ஈகிள் சிண்ட்ரோம்' என்கிறார்கள். சுமார் நூறில் நான்கு பேருக்கு இந்த எலும்பு நீளமாம். அவர்களிலும் சிலருக்குத்தான் குத்தும். பலருக்கு மாத்திரையே போதும், முடியாவிட்டால் எலும்பைக் கொஞ்சம் வெட்டி எடுப்பார்கள். எனக்கு மாத்திரையோடு நின்றது.

ஸ்டைலாய்டு என்ற பெயருக்கு வேர், தூண் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லாம். எங்கள் சீயமங்கலத்தில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைந்த குகைக்கோயில் ஈசனுக்கும் தூணாண்டார் என்றுதான் பெயர். ஊர்ச்சாமியே தொண்டையில் வந்து நிற்கிறார் என்று வீட்டில் சிரித்தோம்.

நறநற சத்தம் வயதுத் தேய்மானம்தான். வலியோ கை மரத்துப்போவதோ இல்லாத வெறும் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம் என்றார் டாக்டரம்மா. டொனால்டு அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு கை விரல்களை மட்டும் 60 ஆண்டுகளாகச் சொடக்கெடுத்து, இரண்டு கைக்கும் வித்தியாசமில்லை என்று காட்டினார். அதற்கு 2009இல் வேடிக்கையான இக் நோபல் பரிசும் வாங்கினார்.

ஆனால் விரல் வேறு, கழுத்து வேறு. மூளைக்குப் போகும் இரண்டு ரத்தக்குழாய்கள் கழுத்தெலும்புத் துளைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. வெடுக்கென்று திருப்பும்போது குழாயின் உட்சுவர் கிழிந்தால், அங்கே ரத்தம் கட்டிப் பக்கவாதம் வரலாம். 2017இல் தில்லிப் பக்கம் 54 வயதுக்காரர் ஒருவருக்கு, சலூனில் கழுத்தை நெரித்துத் திருப்பியதில் மூச்சை இயக்கும் நரம்பு கெட்டு, மூச்சு விடவே கருவி தேவைப்பட்டது. பத்திரிகைகளில் வந்த செய்தி இது.

"காலங்காலமா செய்றாங்க, யாருக்கு என்ன ஆச்சு?" என்பீர்கள். ஆயிரம் பேருக்கு ஒன்றும் ஆகாது, உண்மைதான். ஆனால் ஆனவர் யாரும் திரும்பி வந்து சலூனில் சொல்லப் போவதில்லை.

என் கருத்து இவ்வளவுதான். கழுத்தில் சத்தம் வந்தால் அதை விட்டுவிடுங்கள், சத்தத்தை வரவழைக்காதீர்கள். தொண்டையில் குத்தல் நீடித்தால் காட்டிவிடுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மல், சோறு இறங்கத் தடை, கழுத்தில் கட்டி, எச்சிலில் ரத்தம், காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். நமக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனை இருக்கிறது, புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது.

சலூன் தம்பியிடமும் சொல்லிவிட்டேன்: "கழுத்தை விட்டுடுப்பா. தலையில கொஞ்சம் எண்ணெய் வச்சுத் தேச்சுவிடு. காசு அதேதான்."