ஹாலில் டி.வி... எத்தனை இன்ச் போதும்?

பண்டிகை நெருங்கினால் போதும், வீட்டில் ஒரு பேச்சு கிளம்பிவிடும். "பழசைக் கொடுத்துட்டு பெரிசா ஒண்ணு வாங்கிடலாமே! பக்கத்து வீட்ல 55 இன்ச் வந்திருக்கு!" பையன் ஆரம்பிப்பான், அம்மா ஆமோதிப்பாள், அப்பா மாதத் தவணையைக் கணக்குப் போடுவார். வரி குறைந்ததும் ஆசைக்கு எண்ணெய் வார்த்துவிட்டது. 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டி.வி.களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகிவிட்டது. "பெரிசு எடுக்க இதுதான் சமயம்" என்கிறார் கடைக்காரர்.

'டி.வி. இன்ச்சுக்கும் சித்த வைத்தியருக்கும் என்னய்யா சம்பந்தம்?' என்றுதானே கேட்கிறீர்கள்? நிறையவே இருக்கிறது! கழுத்து வலி, கண் எரிச்சல், தூக்கம் வரவில்லை என்று வருகிறவர்களிடம் நாடி பார்த்து, சாப்பாடு, வேலை, படுக்கை என்று ஒவ்வொன்றாக விசாரிப்போம். எங்கள் பொன்னேரிப் பக்கம் அந்த விசாரணை பல சமயம் ஹாலில் வந்து நிற்கிறது. டி.வி. எந்த உயரத்தில் மாட்டியிருக்கிறது? யார் எங்கே உட்கார்ந்து பார்க்கிறார்கள்? அந்த ஹாலிலேயே யார் தூங்குகிறார்கள்? இந்த மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்தால் எத்தனை இன்ச் என்ற கேள்விக்கும் பதில் தெரிந்துவிடும்.

பழைய கணக்கு இப்போது செல்லாது

சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15-ம் தேதி. அந்தக் காலத்து சாலிடேர், டயனோரா பெட்டிகள் ஞாபகம் இருக்கிறதா? தெருவே கூடி உட்கார்ந்து பார்த்த திரை இன்றைய கணக்கில் சின்னதுதான். பிறகு, 2006 செப்டம்பர் 15-ல் தொடங்கிய திட்டத்தில் தமிழக அரசு வீடு வீடாகக் கொடுத்த இலவசக் கலர் டி.வி.யும் 14 இன்ச்தான். அந்தப் பெட்டிகளில் படம் 625 வரிகளால் ஆனது. கிட்டே போனால் கோடு கோடாகத் தெரியும். 'எட்டி உட்காரு' என்று பெரியவர்கள் விரட்டியதில் நியாயம் இருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. 1967-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய கம்பெனியின் கலர் டி.வி.கள் சிலவற்றிலிருந்து அளவுக்கு மேல் எக்ஸ்ரே கதிர் வருவது தெரிந்து பெரிய கலவரமே ஆயிற்று. மறு வருஷமே அதைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. அந்தப் பயம்தான் உலகம் முழுக்கச் சுற்றி நம் வீட்டுப் பாட்டிகள் வரைக்கும் வந்து சேர்ந்தது. இன்றைய தட்டை டி.வி.யில் அந்தப் பழைய பிக்சர் ட்யூபே கிடையாது. அதனால் எக்ஸ்ரே பயமும் வேண்டியதில்லை. கோடும் தெரியாது. அப்படியானால் எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் வாங்கலாமா? அங்கேதான் உடம்பு குறுக்கே வந்து நிற்கிறது!

இரண்டே அளவு எடுங்கள்

கடைக்காரர் சொல்லும் இன்ச், திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக அளப்பது. 43 இன்ச் டி.வி. என்றால் அகலம் சுமார் 95 சென்டிமீட்டர், உயரம் 53 சென்டிமீட்டர். 55 இன்ச் என்றால் அகலமே 4 அடி!

திரைக்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்தை வைத்து அமெரிக்காவின் சினிமா, டி.வி. இன்ஜினீயர்கள் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்கள். திரை நம் பார்வையில் 30 டிகிரி அகலத்தை அடைக்க வேண்டும் என்பது அது. அதன்படி தூரத்தை இன்ச்சில் எடுத்து 1.6-ஆல் வகுத்தால் டி.வி. அளவு வரும். தியேட்டர் மாதிரி இருட்டில், சோபாவில் சாய்ந்து சினிமா பார்க்க அது சரி. நம் ஹாலில் நடப்பது அப்படியா? ஒரு பக்கம் தாத்தா நாற்காலியில், அம்மா தரையில் கீரை ஆய்ந்துகொண்டு, குழந்தை தட்டை வைத்துக்கொண்டு திரைக்கு நாலடியில்! ஆகவே நம் வீட்டுக்கு நான் சொல்லும் கணக்கு கொஞ்சம் வேறு.

முதலில், தினமும் மிகத் தள்ளி உட்காருகிறவரின் கண்ணிலிருந்து திரை வரை அளங்க. அதை இன்ச்சாக்கி 2-ஆல் வகுங்க. அடுத்து, மிகக் கிட்டே உட்காருகிறவரின் தூரத்தை அளந்து 1.2-ஆல் வகுங்க. இரண்டில் எது சின்னதோ, அதைத் தாண்டாத டி.வி.தான் உங்கள் வீட்டுக்கு ஏற்றது.

உதாரணம் பார்ப்போமா? பத்தடி ஹால். சோபாவில் இருப்பவர் கண் 8 அடியில், அதாவது 96 இன்ச். பாதி 48. தரையில் உட்காருகிறவர் நாலரை அடியில், 54 இன்ச். 1.2-ஆல் வகுத்தால் 45. சின்னது 45. கடையில் கிடைப்பதில் 43 வாங்கலாம், முடிந்தது! எட்டடி அறையில் தள்ளியிருப்பவர் 6 அடி, கிட்டே இருப்பவர் 4 அடி என்றால் 36-ம் 40-ம் வரும். அங்கே 32 போதும். பதினாலு அடி ஹாலில் 12 அடியும் 6 அடியுமாக உட்கார இடம் இருந்தால் 72-ம் 60-ம் வரும். அந்த வீட்டில் 55 தாராளமாக வைக்கலாம். நான் பெரிய டி.வி.க்கு எதிரி இல்லை. ஹால் இடம் கொடுத்தால் வாங்குங்கள்!

கிட்டே இருப்பவரை ஏன் கணக்கில் சேர்க்கிறேன் தெரியுமா? அளவுக்கு மீறிய திரையைப் பக்கத்தில் பார்க்கும்போது கண் மட்டும் ஓடினால் போதாது, தலையும் இடம் வலமாகத் திரும்ப வேண்டும். கிரிக்கெட் மேட்ச் முழுக்க அப்படிப் பார்த்தால் தலைபாரமும் கழுத்துப் பிடிப்பும் வராமல் என்ன செய்யும்?

மாட்டும் உயரம்

இதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறோம். ஷோகேஸுக்கு மேலே, கதவு நிலைக்குச் சமமாக, பிள்ளைகள் கை படாத உயரத்தில் மாட்டிவிடுகிறோம். திரை பெரிதாக ஆக, மேல் விளிம்பு இன்னும் உயரே போகிறது. சோபாவில் உட்கார்ந்தால் நம் கண் தரையிலிருந்து சுமார் மூன்றரை அடியில் இருக்கும். தரையில் சம்மணம் போட்டால் இரண்டரை அடிதான். ஆறடி உயரத்தில் இருக்கும் படத்தை இரண்டு மணி நேரம் அண்ணாந்து பார்த்தால் கழுத்து என்னத்துக்காகும்? ஏற்கெனவே கழுத்து எலும்புத் தேய்வு, எங்கள் பாஷையில் சகன வாதம், இருப்பவர்களுக்குக் கை வரை மரமரப்பு இறங்கும். தைலம் தேய்த்துத் தேய்த்து என்ன பிரயோசனம், ராத்திரி மறுபடி அண்ணாந்து பார்த்தால்?

திரையின் நடுப்பகுதி தரையிலிருந்து மூன்று, மூன்றேகால் அடியில் இருக்கட்டும். 43 இன்ச் என்றால் அடி விளிம்பு இரண்டேகால் அடியில் வரும். பிள்ளைகள் இழுத்துவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது. தட்டை டி.வி. லேசில் சாய்ந்துவிடும். ஸ்டாண்டில் சும்மா நிறுத்தாமல் சுவரோடு இறுக்கிப் பொருத்திவிடுங்கள்.

டி.வி.யை மாற்றுமுன் கண்ணைப் பாருங்கள்

இது மிக முக்கியம். "இந்த டி.வி. சின்னதா இருக்கு, தெரியவே மாட்டேங்குது" என்று வீட்டில் யாராவது சொன்னால், கடைக்கு ஓடாதீர்கள். முதலில் கண் டாக்டரிடம் போங்கள்!

உங்கள் பையன் திரைக்குக் கிட்டே கிட்டே நகர்ந்து போய் உட்காருகிறானா? 'கிட்டே பார்த்துப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கிறான்' என்று திட்டுகிறோம். பல சமயம் விஷயம் தலைகீழ். தூரத்தில் இருப்பது தெரியாததால்தான் கிட்டே போகிறான். கிட்டப்பார்வை அது. வகுப்பில் கரும்பலகையும் அவனுக்கு மங்கலாகத்தான் தெரியும். பெரிய டி.வி. வாங்கி வைத்தால் வீட்டில் அவன் பின்னால் நகர்ந்து உட்காருவான். குறை மறைந்துபோகும், பள்ளிக்கூடத்தில் மார்க் குறையும், காரணம் யாருக்கும் தெரியாது!

தாத்தாவுக்கும் அப்படித்தான். செய்தியின் கீழே ஓடும் எழுத்து தெரியவில்லை என்றால் கண்புரையாக இருக்கலாம். சர்க்கரை நோய் இருந்தால் விழித்திரையே பாதிக்கப்பட்டிருக்கலாம். அதைத் தள்ளிப்போட்டால் போன பார்வை திரும்பாது. 55 இன்ச் வாங்கி அந்த எச்சரிக்கையை அமுக்கிவிடாதீர்கள்.

'பொன்னாங்கண்ணிக் கீரை சாப்பிட்டால் கண்ணாடி போடவேண்டாம்தானே, டாக்டர்?' என்று கேட்கிறார்கள். பொன்னாங்கண்ணி நல்ல கீரை, வாரம் இரண்டு நாள் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால், வந்துவிட்ட கிட்டப்பார்வையை எந்தக் கீரையும் எந்த லேகியமும் போக்காது. சித்த மருத்துவம் படித்த நானே சொல்கிறேன், கண்ணாடிதான் வழி. கண்ட சாற்றைக் கண்ணில் பிழியவும் வேண்டாம். பிள்ளைகளுக்குச் சிறந்த மருந்து வெளிச்சமான மைதானம். தைவான் நாட்டில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் 120 நிமிடம் வெளியே விடும்படி செய்தார்கள். கிட்டப்பார்வை கட்டுப்பட அது உதவியது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021-ல் சொன்ன அளவையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். 2 வயது வரை திரையே வேண்டாம். 5 வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. 10 வயது வரை இரண்டு மணி நேரத்துக்குள். இதில் செல்போனும் சேர்த்திதான்!

ஹாலில் தூங்குகிறவர் யார்?

கும்மிடிப்பூண்டி சிப்காட், மீஞ்சூர், காட்டுப்பள்ளி என்று எங்கள் வட்டாரமே ஷிப்டில் ஓடுகிறது. நைட் ஷிப்ட் முடித்து விடியற்காலை ரயிலில் வந்து இறங்குகிற மனுஷனுக்குப் பல வீடுகளில் தனியறை கிடையாது. ஹாலில்தான் பாயை விரிக்கிறார். அவருக்குப் பத்தடி தூரத்தில் காலை சீரியல் ஓடுகிறது. ராத்திரியோ அதே ஹாலில் பத்தாவது படிக்கும் பெண் ஒரு மூலையில் புத்தகத்தோடு.

சித்த மருத்துவத்தில் அடக்கக் கூடாத பதினான்கு வேகங்கள் என்று உண்டு. தும்மல், பசி, கொட்டாவி வரிசையில் தூக்கமும் ஒன்று. தூக்கத்தை அடக்கினால் தலைக்கனமும் கண் சிவப்பும் வரும் என்று படித்திருக்கிறோம். ராத்திரி கண் விழித்தால் பித்தம் ஏறும் என்று பாட்டி சொன்னதும் இதைத்தான். இன்றைய விஞ்ஞானமும் பிரகாசமான வெளிச்சம் தூக்கத்துக்கான சுரப்பைத் தள்ளிப்போடும் என்கிறது. பெரிய திரை என்றால் அறைக்குள் கொட்டும் வெளிச்சமும் அதிகம். இமை மூடினாலும் உள்ளே புகும். மெஷின் பக்கத்தில் நிற்கிற மனுஷனுக்குத் தூக்கம் குறைந்தால் அது விரலோடு போகுமா, உயிரோடு போகுமா என்று சொல்ல முடியாது.

ஆகவே உங்கள் ஹால் படுக்கையறையும் படிப்பறையுமாக இருந்தால், கணக்கில் வந்ததைவிட ஒரு அளவு சின்னதாக எடுங்கள். 43 வந்தால் 32. மிச்சமாகும் பணத்தில் ஜன்னலுக்கு ஒரு கனத்த திரைச்சீலை வாங்குங்கள். தூங்குகிறவருக்கு உபகாரமாக இருக்கும்.

வாங்கி வந்த பிறகு...

கடையில் பளிச்சென்று கண்ணைப் பறிக்க ஒளியைக் கூட்டி வைத்திருப்பார்கள். வீட்டில் அதை 'ஸ்டாண்டர்ட்' அல்லது 'சினிமா'வுக்கு மாற்றுங்கள். இருட்டில் பார்க்காதீர்கள், ஒரு விளக்கு எரியட்டும். ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டினால் கூசும். திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவதே குறைந்துபோகிறது, எரிச்சல் அதனால்தான். விளம்பரம் வரும்போதெல்லாம் எழுந்து வாசல் வரை நடந்து, தூரத்தில் எதையாவது பாருங்கள். சாப்பாட்டு நேரத்தில் டி.வி.யை அணைத்துவிடுங்கள். எவ்வளவு தின்றோம் என்று வயிற்றுக்குத் தெரியட்டும்!

விருந்தாளி மாதத்துக்கு ஒரு தடவை வருவார், பார்த்துவிட்டு 'பிரமாதம்!' என்று சொல்லிப் போய்விடுவார். மற்ற நாளெல்லாம் அந்த ஹாலில் இருக்கப்போவது உங்கள் பிள்ளையும், உங்கள் மாமியாரும், ஷிப்ட் முடித்து வரும் உங்கள் வீட்டுக்காரரும்தான். கடைக்குக் கிளம்புமுன் தையல் மெஷினில் கிடக்கும் டேப்பை எடுத்து, இவர்கள் உட்காரும் இடத்திலிருந்து அளங்க. அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் என்ன ஆஃபர் சொன்னாலும் சீட்டைத் தாண்டாதீர்கள்!