யுத்தப் பணமும் இரு சபைகளும்

யுத்தத்தை நடத்துவது ஜனாதிபதியாயினும், அதற்கான பணத்தை வழங்குவது சட்டமன்றமே. பல்கலைக்கழகத்தில் ஒருகாலம் நாம் ஆண்டுதோறும் ஒப்புவித்த பாடம் இது. இலங்கை அரசியலமைப்பின் 148 ஆவது உறுப்புரையும் பொது நிதி மீதான முழுக் கட்டுப்பாட்டைப் பாராளுமன்றத்திடமே ஒப்படைக்கின்றது. ஆனால் 2007 இல் நடந்தது என்ன?

2008 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்புக்கு ஏறத்தாழ 16,600 கோடி ரூபா ஒதுக்கப்பட்டிருந்தது. நவம்பரில் இரண்டாம் வாசிப்பு 118 க்கு 102 என்றே தப்பியது. ஆகவே இறுதி வாக்கெடுப்பில் ஒவ்வொரு வாக்கும் அச்சத்துக்குரியதாயிற்று. அதற்கு முன்னர் மட்டக்களப்பைச் சேர்ந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உறுப்பினர் மூவரின் உறவினர்கள் ஆயுதக் குழுவொன்றினால் கடத்தப்பட்டனர். எதிர்த்து வாக்களித்தால் அவர்களின் உயிருக்கு ஆபத்து என எச்சரிக்கப்பட்டது. மூவரும் வாக்களிக்கவில்லை. முன்னர் எதிர்த்து நின்ற ஜே.வி.பி.யும் ஒதுங்கிக்கொள்ள, டிசெம்பர் 14 அன்று 114 க்கு 67 எனத் திட்டம் நிறைவேறியது. அந்த மூன்று வாக்குகள் முடிவை மாற்றியிரா. ஆயினும் அவற்றைக்கூட விட்டுவைக்க மனம் வரவில்லையே!

பன்னிரண்டு நாட்களின் பின்னர் ஜனாதிபதி புஷ் ஒப்பமிட்ட அமெரிக்க நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்திலும் இலங்கை பற்றிய ஒரு பிரிவு இடம்பெற்றது. வெளிநாட்டு உதவிக்கான செனற் உபகுழுவுக்கு அப்போது தலைமை வகித்தவர் பற்றிக் லேஹி. பாரதூரமான மீறல்களில் ஈடுபட்ட படையினர் நீதியின் முன் நிறுத்தப்படவேண்டும், மனிதாபிமான அமைப்புகளுக்கும் செய்தியாளர்களுக்கும் வழி திறக்கப்படவேண்டும், ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் களப் பிரசன்னத்துக்குக் கொழும்பு இணங்கவேண்டும். அதுவரை இராணுவ உதவி இல்லை. இவையே நிபந்தனைகள். கடல், வான் கண்காணிப்புக் கருவிகளுக்கு மட்டும் விதிவிலக்கு. கடற்படைக்கு அவசரமாக வேண்டியிருந்ததும் அவையே என்பதை வாசகர் அறிவர். சீனாவினதும் பாகிஸ்தானினதும் ஆயுதச் சந்தைகளும் திறந்தே கிடந்தன. யுத்தம் 2009 மே வரை ஓயவில்லை.

எனினும் அப்பிரிவை வெற்றுக் காகிதமென நாம் ஒதுக்கமாட்டோம். பின்னைய ஆண்டுகளின் சட்டங்களிலும் இத்தகைய நிபந்தனைகள் வடிவம் மாறித் தொடர்ந்தன. ஆனால் ஒதுக்கீட்டுச் சட்டத்தின் ஆயுள் பெரும்பாலும் ஓராண்டே. மறு ஆண்டு எவரேனும் கேளாவிடின் நிபந்தனை சத்தமின்றி உதிர்ந்துபோகும்.

இங்கே ரவுண்ட் ராக் வாழ் எம்மவருக்கு ஒரு செய்தி. இப்பகுதியின் அன்றைய காங்கிரஸ் பிரதிநிதி ஜான் கார்ட்டர், அதே 2007 இல் மக்களவையின் நிதி ஒதுக்கீட்டுக் குழுவில் அங்கம் வகித்தார். கொழும்பு வாக்கெடுப்புக்காகக் கண்விழித்திருந்த வீடுகள் பல. அவருக்கு ஒரு கடிதம் எழுதிய வீடுகள் எத்தனை?

அகதி விண்ணப்பம் நிலுவையில் உள்ளவருக்கு வாக்குரிமை இல்லைத்தான். கடிதம் எழுதுவதற்கு அது தேவையுமில்லை. அமெரிக்க நிதியாண்டு ஒக்டோபர் முதலாந் திகதி தொடங்குகிறது. குழுக்களின் விசாரணைகளோ பெரும்பாலும் இளவேனிற் காலத்திலேயே நடைபெறுகின்றன. டிசெம்பரில் நாம் எழுதும் கடிதம் அவ்வாண்டுச் சட்டத்துக்குப் பிந்திவிடும்.